பேச்சு வராத குழந்தைக்கு யோசிக்கத் தெரியுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 மாதம். ‘ம்மா’ தவிர வேறு சொல் வரவில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் விரலை நீட்டிக் காட்டுகிறாள். பேச்சே வராத வயதில் குழந்தை யோசிக்குமா? பேச்சு சீக்கிரம் வர செல்போனில் பாட்டு வீடியோ போடலாமா?

யோசிக்கும். நன்றாகவே யோசிக்கும். சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் வேலை. என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் குழந்தை எத்தனை வார்த்தை பேசுகிறது என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: கூப்பிட்டால் திரும்புகிறதா, எதையாவது காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

வாய் திறக்காத குழந்தையின் மனதில் என்ன ஓடுகிறது என்பதைக் கண்ணை வைத்துத்தான் பிடிக்க முடியும். எதிர்பார்த்தது நடந்தால் குழந்தை சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடக்கக் கூடாதது நடந்தால் வைத்த கண் வாங்காமல் பார்க்கும். 1985இல் ரெனே பயார்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 5 மாதக் குழந்தைகளுக்கு இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு, அதற்கு முன்னால் ஒரு தட்டியை நிமிர்த்தி மறைத்தார்கள். பின்பக்கமாகச் சாயும் தட்டி, பெட்டியில் இடித்து நிற்க வேண்டும். அப்படி நின்றபோது குழந்தைகள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பெட்டி அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் தட்டி முழுதாகச் சாய்ந்தபோது நெடுநேரம் பார்த்தன. மறைந்த பொருள் அங்கேயே இருக்கிறது என்பது அவற்றின் மனதில் இருந்திருக்கிறது. மறைத்து வைத்த பொருளைக் குழந்தை தேடத் தொடங்குவது சுமார் 8 மாதத்தில்தான் என்பதால், அந்த அறிவும் அப்போதுதான் வருகிறது என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே கருதியிருந்தார். குழந்தைகள் அப்படி நெடுநேரம் பார்த்ததற்கு என்ன அர்த்தம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. ஆனாலும், சொல் வரும்வரை மனம் வெறுமையாக இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அதன் பிறகு இடமில்லாமல் போனது.

மொழி விஷயத்திலும் வேலை எப்போதோ தொடங்கிவிடுகிறது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகள், வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்கவே விரும்பும்; இது 1980இல் வந்த ஆய்வு. கருவில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் அல்லவா!

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்தது. இந்தியில் பல்லருகே நாக்கை வைத்துச் சொல்லும் ‘த’ ஒன்று, நாக்கை மடித்துச் சொல்லும் ‘ட’ ஒன்று. நமக்கு இதில் குழப்பமே இல்லை. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறமை மங்கிவிட்டது. இதைக் கேட்டால் சிலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழிக்கு எந்த ஒலி வேண்டும், எது வேண்டாம் என்று குழந்தை ஓராண்டுக்குள் பிரித்துவிடுகிறது. சொல் ஒன்றுகூட வராத அந்த மாதங்களில் உள்ளே இத்தனை பெரிய வேலை!

புரிதலும் பேச்சை முந்தி ஓடும். உணவு, உடல் உறுப்புகள் ஆகியவற்றின் பெயரைச் சொன்னால் 6 முதல் 9 மாதக் குழந்தைகளே சரியான படத்தின் பக்கம் கண்ணைத் திருப்புகின்றன என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே ‘ம்மா’ மட்டும் சொல்லும் உங்கள் மகளுக்கு எத்தனை சொற்கள் புரிகின்றன என்று கவனித்துப் பாருங்கள். கையால் சைகை காட்டாமல், ‘செருப்பு எங்கே?’ என்று மட்டும் கேளுங்கள்.

சரி, அந்த விரலுக்கு வருகிறேன். இதில்தான் சிந்தனையும் மொழியும் கைகோக்கின்றன. ‘அது வேண்டும்’ என்று நீட்டும் விரல் ஒரு வகை. ‘அங்கே பாரேன்’ என்று நீட்டும் விரல் இன்னொரு வகை. இரண்டாவதில் குழந்தைக்கு எந்தப் பொருளும் தேவையில்லை. தான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். உளவியலாளர் மைக்கேல் டொமாசெல்லோவின் குழுவினர் 12 மாதக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். பெரியவர் அந்தப் பொருளை மட்டும் பார்த்தாலும் குழந்தை திருப்தியடையவில்லை, குழந்தையின் முகத்தை மட்டும் பார்த்துச் சிரித்தாலும் திருப்தியடையவில்லை. பொருளையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்துப் பேசியபோதுதான் திருப்தி. எதிரே இருப்பவருக்கும் ஒரு மனம் இருக்கிறது, அதைத் தன் பக்கம் திருப்ப முடியும் என்று உங்கள் மகள் கண்டுகொண்டிருக்கிறாள். நான் இதை முதல் வார்த்தையைவிடப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்வேன்.

வீடியோ பற்றிக் கேட்டீர்கள். 2003இல் பாட்ரீஷியா கூல், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்க வைத்தார். நேரில் ஒருவர் விளையாடியபடி பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது எதுவும் பதியவில்லை. ஆனால் குற்றம் திரையில் மட்டும் இல்லை. 2014இல் வந்த வேறொரு ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் வீடியோ அழைப்பு வழியாகப் புதிய சொற்களைக் கற்றன. பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. அழைப்பில் எதிரே இருப்பவர் குழந்தை செய்வதற்கு ஏற்பப் பதில் சொல்வார், பாட்டு வீடியோவோ குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தன் போக்கில் ஓடும். பேச்சை வளர்ப்பது இந்தப் பதில்தான். உலக சுகாதார நிறுவனமும் 2019 வழிகாட்டுதலில் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

ஆகவே அவள் காகத்தைக் காட்டினால் ‘ஆமா, காக்கா! பறந்து போச்சு பாரு’ என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்துங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த நிறுத்தம்தான் இல்லை. குழந்தையின் முறை வருவதற்குள் நாமே அடுத்ததைச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் இரண்டு மொழி பேசினால் குழம்பிப்போவாள் என்ற பயமும் வேண்டாம்.

பேச்சு வந்த பிறகு அது சிந்தனையை மாற்றவும் செய்கிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தை விளையாடும்போது ‘இதை இங்க வைக்கணும், ஐயோ விழுது’ என்று தானே பேசிக்கொள்ளும். இது வயது ஏற ஏற மறைந்துவிடும் ஒன்று என்று பியாஜே நினைத்தார். அவர் பிறந்த அதே 1896இல் பிறந்த ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, அது மறைவதில்லை, உள்ளே போய் மனப்பேச்சாகிறது என்றார். கடினமான வேலையில் இந்தத் தனிப்பேச்சு கூடுவதை நானும் பார்க்கிறேன். வைகாட்ஸ்கி சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. அப்படிப் பேசும் குழந்தையைத் தயவுசெய்து அடக்காதீர்கள்.

கடைசியாக, எப்போது கவலைப்பட வேண்டும் என்பது. 12 மாதத்தில் மழலை ஒலிகளோ கைச்சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். வந்த சொற்கள் எந்த வயதில் நின்றுபோனாலும் உடனே காட்ட வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் இதில் எதிலும் இல்லை. ஆனாலும் பின்னாலிருந்து கூப்பிடும்போது திரும்பாமல் இருந்தால் செவித்திறனைச் சோதித்துவிடுங்கள். பிறந்தபோது செய்த சோதனையில் எல்லாம் சரியாக இருந்தாலும் பிறகு குறை வரலாம். செவித்திறன் சோதனைக்கு அவள் பேசவோ பதில் சொல்லவோ வேண்டியதில்லை. தூங்கும்போதே செய்துவிடக்கூடிய பரிசோதனைகள் இருக்கின்றன.