வட்டமும் கோடும் இருக்கட்டும், தெருமுனையைப் பாருங்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 67, பத்தாம் வகுப்பு வரை படித்தவர். மறதிக்காகச் செய்த மோக்கா சோதனையில் (நினைவு, கவனம் போன்ற திறன்களைக் கேள்விகளால் பார்ப்பது) 30-க்கு 22 வந்தது. நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் இரண்டைத்தான் திரும்பச் சொன்னார். இணையத்தில் 'நெட்வொர்க் அனாலிசிஸ்' பற்றிப் படித்தேன், திறன்களை வட்டமும் கோடுமாக வலைபோல வரைந்த படமும் பார்த்தேன். நடுவில் உள்ள திறன் கெட்டால் மற்றதெல்லாம் சரிந்துவிடுமாமே? அந்தப் பரிசோதனை எங்கே செய்வார்கள்? கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறார், தெரிந்தவர் பெயர் சட்டென்று வருவதில்லை. தூக்கத்துக்கு ஐந்து வருடமாக அல்பிரசோலம் போடுகிறார். போன மாதம் ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது வழி தெரியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன்தான் கூட்டி வந்தான். என்னையும் மறந்துவிடுவாரோ?
— ஒரு மகள், சேலம்

பதில்: நீங்கள் பார்த்த படம் உங்கள் அம்மாவின் மூளை அல்ல. நூற்றுக்கணக்கானவர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. ஒவ்வொரு சோதனையும் ஒரு வட்டம். மற்ற சோதனைகளின் பங்கைக் கழித்த பிறகும் இரண்டு மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்கினால், நடுவில் ஒரு கோடு. கோடுகள் அதிகம் சேரும் வட்டம் படத்தின் மையத்தில் வந்து உட்காரும். அது கெட்டால் எல்லாம் சரியும் என்று அந்தப் படம் சொல்லவே இல்லை. நலமாக இருப்பவர்களிடமும் மறதி நோய் உள்ளவர்களிடமும் இந்தக் கோடுகள் எப்படி மாறுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிடுகிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் ஒருவர் ஒரே நாளில் செய்த சோதனையை வைத்து அவருக்கென்று ஒரு வலை வரைய முடியாது. எந்த லேபிலும் போய்க் கேட்காதீர்கள்.

ஒரு திறன் இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கிறது என்பது மட்டும் நமக்கு உதவும். கவனம் குலைந்தால் நினைவு மதிப்பெண்ணும் கூடவே இறங்கும். அந்த ஐந்து சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா விட்ட மூன்றுக்கும் 'அது ஒரு பூ' என்பது போலத் துப்பு கொடுத்தார்களா? துப்பு கிடைத்ததும் சொன்னார் என்றால், சொல் உள்ளே பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் சிரமம். துப்பு கொடுத்தும் வரவில்லை என்றால், பதிந்ததா என்றே சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் மதிப்பெண் ஒன்றுதான், மருத்துவருக்கு அர்த்தம் வேறு. சோதனைத் தாளில் துப்புக்குத் தனி வரி உண்டு, பாருங்கள். 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்ட வேண்டும், கூட்டினார்களா என்றும் கேளுங்கள்.

கண்ணாடியைத் தேடுவது, பெயர் மறப்பது — இதையெல்லாம் விடுங்கள், இந்த வயதில் சகஜம்.

அல்பிரசோலத்தை ஐந்து வருடம் போடச் சொன்னது யார்? கவனத்தையும் நினைவையும் மந்தமாக்கும் மாத்திரை அது, வயதானவர்களைக் கீழே விழவும் வைக்கும். அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஞாபகசக்திக்கு என்று மெடிக்கலில் எதையும் புதிதாக வாங்கித் தரவும் வேண்டாம்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன தெருமுனைதான் என்னை நிறுத்தியது. பழகிய வழி தெரியாமல் போவது 22-ஐ விடப் பெரிய செய்தி. மதிப்பெண் சோதனை அறையில் நடந்ததைச் சொல்கிறது, இது வாழ்க்கையில் நடந்தது. இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வைட்டமின் பி12, தைராய்டு, தேவைப்பட்டால் மூளை ஸ்கேன் பார்ப்பார்கள். முதல் இரண்டில் குறை இருந்தால் சரிசெய்ய வழி உண்டு. இதற்கிடையில் ஓரிரு நாளில் குழப்பம் திடீரென அதிகமானாலோ, பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, அந்த நிமிடமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

உங்களை மறப்பாரா என்று 22-ஐ வைத்து யாராலும் சொல்ல முடியாது. லேசான அறிவாற்றல் குறைபாடு, அதாவது வயதுக்கு மீறிய மறதி இருந்தும் அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை, உள்ள எல்லோருக்கும் மறதி நோய் வருவதில்லை, சிலர் இயல்புக்கே திரும்புகிறார்கள். அடுத்த சோதனையில் எண் எப்படி நகர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போகும்போது அந்தப் பையனிடம் பேசிவிட்டுப் போங்கள். அம்மா எவ்வளவு நேரம் நின்றார், கேட்டதற்கு என்ன சொன்னார், வீடு வந்ததும் நடந்தது நினைவிருந்ததா? மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.