"பார்க்கலாம்டி" என்கிறாள் தோழி, நான் போகலாமா?

கேள்வி: அக்கா, நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 26. பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த காசிமேட்டுத் தோழி ஒன்றரை வருடமாக ஜெர்மனியில், கெம்னிட்ஸ் என்ற ஊரில் எம்.எஸ். படிக்கிறாள். சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கிறது, பத்து நாள் அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஆசை. முதலில் சொன்னபோது "வா வா" என்று குதித்தவள், இப்போது எப்போது கேட்டாலும் "பார்க்கலாம்டி" என்கிறாள். டிசம்பர் கடைசியில் போனால் டிக்கெட் விலை அதிகம், பிப்ரவரியில் குறைவு. அவள் அம்மாவோ, "அவ என்னமோ மறைக்கிறா, நீ போய் எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து சொல்லு" என்கிறார். நெய், கருவாடு எல்லாம் கட்டித் தருவதாகச் சொல்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு நான் தனியாகப் போவதில் விருப்பமில்லை. போகலாமா, வேண்டாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

போ. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது போவது, யாருடைய ஆளாகப் போவது என்பதைத்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் அந்தப் "பார்க்கலாம்டி". உன் மேல் பாசம் குறைந்துவிட்டது என்று நீ பயப்படுகிறாய், கடிதத்தில் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிகிறது. அவள் பக்கத்துக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரு வருடச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. மாதம் 992 யூரோவுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. ரூபாயில் கேட்டால் ஏறக்குறைய ஒரு லட்சம், நம் தெருவில் பெரிய பணம். அங்கே அதில்தான் அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, போன் எல்லாம். ஒரு வருடத்தில் அந்தக் கணக்கு காலியாகிவிடும். அப்புறம் பகுதி நேர வேலைதான். அதற்கும் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பு இருக்கிறது. நீ ஆபீஸ் முடிந்து, சாப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறாய். அங்கே கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் நாலரை. வகுப்பு முடிந்து வேலைக்கு ஓடும் நேரமாக இருக்கலாம்.

இதோடு இடப் பிரச்சினை. நம் வீட்டுக்கு யாராவது வந்தால் ஹாலில் ஒரு பாயை விரித்துவிடுவோம், எத்தனை நாள் என்று கேட்க மாட்டோம். அங்கே மாணவர் விடுதி அறை ஒரு ஆளுக்குக் கணக்குப் பண்ணிக் கட்டியது. சமையலறையைப் பலர் பகிர்ந்துகொள்வார்கள். விருந்தாளி எத்தனை இரவு தங்கலாம் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் இடங்களும் உண்டு. வராதே என்று சொல்ல அவளுக்கு வாய் வராது, வா என்று உறுதியாகச் சொல்லவும் முடியாமல் இருக்கலாம்.

அதனால் அவளுக்குப் பதில் சொல்வதைச் சுலபமாக்கு. போனில் கேட்காதே. போனில் கேட்டால் அந்த நிமிடமே ஏதாவது சொல்லியாக வேண்டும், மறுபடியும் "பார்க்கலாம்டி" தான் வரும். எழுதி அனுப்பு, இப்படி:

"ஏய், டிசம்பர் கடைசியில பத்து நாள் வரலாம்னு இருக்கேன். உன் ரூம்ல ஆள் தங்கலாமா, எத்தனை நாள் தங்கலாம்னு விசாரிச்சுச் சொல்லு. முடியாதுன்னா பக்கத்துல ஹாஸ்டல் எடுத்துக்கறேன், அதுக்குத் தனியா காசு வச்சிருக்கேன். உனக்கு ஷிஃப்ட் எப்ப, படிக்கிற நாள் எப்பன்னு சொல்லு, அப்ப நான் தனியா ஊர் சுத்திக்கறேன். இப்ப சரிப்படாதுன்னா மே மாசம் பார்த்துக்கலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

கடைசி வரியை நிஜமாகவே அப்படி நினைத்து எழுது. மே மாதம் வா என்று அவள் சொன்னால் மே மாதம் போ.

பிப்ரவரி வேண்டாம். டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அங்கே குளிர்காலப் பருவத்தின் வகுப்புகள் பிப்ரவரி வாக்கில் முடியும், உடனே தேர்வுகள் தொடங்கிவிடும். ஒரு பாடத்தில் தவறினால் மறுபடி எழுதலாம், ஆனால் எத்தனை முறை என்பதற்கு வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தாண்டினால் படிப்பே போய்விடும். அந்த நேரத்தில் போய் அவள் அறையில் உட்கார்ந்தால், உன்னோடு பேசவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் அவள் தவித்துப் போவாள்.

டிசம்பர் கடைசிக்கே என் ஓட்டு. கிறிஸ்துமஸை ஒட்டி வகுப்புகளுக்கு இடைவேளை. உள்ளூர் மாணவர்கள் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். விடுதியில் மிஞ்சுவது பெரும்பாலும் டிக்கெட்டுக்குக் காசில்லாத வெளிநாட்டுப் பிள்ளைகள்தான். நாலு மணி வாக்கிலேயே இருட்டிவிடும். டிசம்பர் 24 மதியத்தோடு கடைகளை மூடினால் 25, 26 இரண்டு நாளும் திறக்க மாட்டார்கள். நம் ராயபுரத்தில் அந்த வாரம் தெருவுக்குத் தெரு நட்சத்திரம் தொங்கும், கேக் தட்டு வீட்டுக்கு வீடு போகும். அதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த ஊர் அமைதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். ஒருத்தி கூட இருந்து, சோறு வடித்து, ராத்திரி முழுக்க ஊர்க்கதை பேசினால் அவளுக்கு அது பெரிய பலம். டிக்கெட்டுக்கு அதிகம் போகும் பணம் அங்கேதான் பயன்படும். 23-ஆம் தேதியே அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போனதும் உன் செலவு உன்னுடையது. மளிகையிலும் பாதியை நீ கொடு. "நீ என் வீட்டுக்கு வந்திருக்கே"ன்னு அவள் சண்டை போடுவாள், விட்டுக்கொடுக்காதே. அவளுக்கு ஷிஃப்ட் இருக்கும் நாளில் ஒரு மணி நேர ரயிலில் டிரெஸ்டன் போய்ப் பார்த்துவிட்டு வா. அவள் வேலை முடிந்து வரும்போது சூடாக ரசம் வைத்திரு.

இனி அவள் அம்மா விஷயம். எனக்கு இதுதான் மனதை உறுத்துகிறது.

அந்த அம்மாவின் கவலையை நான் குறைத்துப் பேச மாட்டேன். விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கும் பெண்களைக் காசிமேட்டில் பார்த்து வளர்ந்தவள் நான். கடலைத் தாண்டிப் போன மகள் வீடியோ காலில் சிரித்த முகத்தை மட்டும் காட்டுகிறாள் என்றால் எந்தத் தாய்க்கும் வயிறு பிசையத்தான் செய்யும். ஆனால் நீ அவருடைய கண்ணாகப் போகக் கூடாது. அலமாரியில் என்ன இருக்கிறது, யார் போன் பண்ணுகிறார்கள், எத்தனை பேப்பர் பாஸ் என்று நீ மனதுக்குள் குறிப்பெடுக்கத் தொடங்கினால் முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் அந்தப் பத்து நாளும் உன்னிடமும் அவள் அதே சிரித்த முகத்தைத்தான் காட்டுவாள்.

அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடு: "நான் போய் அவகூட இருந்துட்டு வரேன் அத்தை. அவ சொல்றதை அவளே உங்ககிட்ட சொல்ற மாதிரி பேசிப் பார்க்கிறேன். நான் வேவு பார்க்கலை." தோழியிடமும் போன அன்றே சொல்லிவிடு, அம்மா இப்படிக் கேட்டார் என்று. மறைத்து வைக்காதே. கிளம்புவதற்கு முந்தைய நாள் அவளிடமே கேள்: "அம்மாகிட்ட என்ன சொல்லட்டும்?" அவள் சொல்வதைச் சொல். அவள் வேண்டாம் என்பதை உன்னோடு வைத்துக்கொள். காதலோ, தவறிய பாடமோ, முடி வெட்டிக்கொண்டதோ, அது அவள் சொல்ல வேண்டிய செய்தி.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. அவள் பல நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்கே போகாமல் கிடக்கிறாள் என்றால், "இருந்து என்ன பண்றது" என்கிற மாதிரிப் பேசினால், அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதே. அங்கே மாணவர் நலச் சேவை அமைப்புகளில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நேரம் வாங்கிக் கொடுத்து, கூடவே நீயும் போய் வாசலில் உட்கார். அவசரம் என்றால் 112. பிறகு அவளை வைத்துக்கொண்டே அம்மாவிடம் பேசு. தள்ளிப் போடாதே.

மூட்டை முடிச்சு விஷயத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் சந்தோஷம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நம் நாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. ஆக நெய் கிடையாது, பால்கோவா கிடையாது, ஆட்டுக்கறித் தொக்கு கிடையாது. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் போகாது. ஆனால் மீனுக்குத் தனி விதி: சொந்த உபயோகத்துக்கு ஒரு ஆள் 20 கிலோ வரை கொண்டுபோகலாம், காய்ந்த மீனும் அதில் சேர்த்தி. அம்மா கையால் காயவைத்த நெத்திலிக் கருவாடு தாராளமாகப் போகும்! காற்றுப் புகாமல் இரண்டு மூன்று சுற்று கட்டச் சொல், பெரிய பெட்டியில் போடு, கைப்பையில் வேண்டாம். பொதுச் சமையலறையில் அதை வறுக்கலாமா என்பதைத் தோழி முடிவு செய்யட்டும். இட்லிப் பொடி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலைப் பொடி, முறுக்கு எல்லாம் எடுத்துப் போ.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உனக்கு வேண்டியது ஷெங்கன், அதாவது ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான, குறுகிய கால விசா. கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு வேண்டும். கிளம்பும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும். டிசம்பரில் கூட்டம் இருக்கும், சீக்கிரம் போடு. கம்பெனியில் லீவு கடிதம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் வாங்கிக்கொள். திரும்பி வர உனக்கு இங்கே வேலை இருக்கிறது என்பதை அவை காட்ட வேண்டும். சீட்டுப் பணம் மொத்தமாகக் கணக்கில் ஏறியிருப்பதால் அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் காகிதம் வைத்துக்கொள். தோழி வீட்டில் தங்கப் போகிறாய் என்றால் அதையே சொல், அவளிடமிருந்து அழைப்புக் கடிதமும் அவள் குடியிருப்பு அனுமதியின் நகலும் வாங்கு. செலவுப் பொறுப்பை ஏற்கும் அரசு உறுதிமொழியில் மட்டும் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே. அது சட்டப்படி அவளைக் கட்டும், மாணவியின் வருமானம் அதற்குப் போதாது. விசா கைக்கு வரும் வரை, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்காதே.

அப்பாவுக்கு வருவோம். "எல்லாரும் போறாங்கப்பா" என்று வாதாடாதே. தோழியின் முகவரி, தங்கும் இடம், விமான நேரம், காப்பீட்டு எண், பெர்லினில் உள்ள நம் தூதரகத்தின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு. விமானம் நள்ளிரவுக்கு மேல் என்றாலும் மாலையிலேயே தண்டையார்பேட்டை மெட்ரோவில் ஏறினால் ஒரே ரயிலில் விமான நிலையம் வரை அவரும் உன்னோடு வரலாம். இன்னொன்று. கெம்னிட்ஸுக்கு 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்றுதான் பெயர். நடு ஊரில் ஏழு மீட்டர் உயரத்துக்கு மார்க்ஸின் வெண்கலத் தலை இருக்கிறது, பின்சுவரில் "உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்" என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த மனிதர், அவருக்கும் ஒரு சங்கக் கதை இருக்கும். அங்கே நின்று அவருக்கு வீடியோ கால் போடுவேன் என்று சொல்லிப் பார்.

அன்புடன்,
அக்கா