பெயிண்டுக்கு முன் ஒருமுறை பூட்டிப் பாருங்கள்

கேள்வி: என் பழைய ஒற்றை சிலிண்டர் பைக்கைக் குளிர்காலத்தில் மூன்று மாதம் ஓட்டப்போவதில்லை. அதற்குள் பிரித்து, பின்பக்கத்தை வெட்டிக் குட்டை சீட் வைக்க ஆசை. பிரித்ததும் ஃபிரேமைப் பவுடர் கோட்டிங்குக்கு (பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பெயிண்ட்) அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். வெல்டிங் வேலை முழுக்க முடியட்டும். பிறகு எஞ்சின், சக்கரம், டேங்க், சீட், பேட்டரிப் பெட்டி, சைலன்சர் அத்தனையையும் பெயிண்ட் இல்லாமலே ஒருமுறை பூட்டிப் பாருங்கள். விட்டுப்போன ஒரு கிளாம்புக்காகக் கோட்டிங் அடித்த ஃபிரேமில் மறுபடி கிரைண்டர் வைப்பது கொடுமை.

பின்பக்கத்தை வெட்டினால் இதை அவசியம் சோதியுங்கள். இரண்டு ஷாக்கையும் கழற்றுங்கள். ஷாக் முழுதாக அமுங்கினால் சக்கரம் எவ்வளவு உயருமோ, அதுவரை தூக்குங்கள். டயருக்கும் சீட்டின் அடிப்பகுதிக்கும் நடுவே 20 மி.மீ.யாவது இருக்க வேண்டும். வண்டி நிற்கும்போது தாராளமாகத் தெரியும் இடைவெளி, பள்ளத்தில் இறங்கும்போது இருக்காது. ஹேண்டிலையும் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் இழுபடுகிறதா, டேங்கில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

எஞ்சினை முதல் வாரமே பிரித்துவிடுங்கள். லேத் வேலைக்குத்தான் அதிகம் காத்திருக்க வேண்டிவரும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய அளவு) பிஸ்டன் கைக்கு வந்த பிறகே போரிங், அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்குவது. பிஸ்டனை அளந்து அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். 0.50 மி.மீ. ஓவர்சைஸுக்குக் கடைந்த பிறகு அந்த அளவில் பிஸ்டன் கிடைக்காவிட்டால், அடுத்த அளவுக்கு மறுபடி கடைவதுதான் வழி. கடைந்து வந்ததைச் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறக் கறை ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் கழுவுங்கள். காய்ந்ததும் தாமதிக்காமல் ஆயில் பூசுங்கள். குளிரில் ஈரம் படிந்தால் ஒரே இரவில் துரு பிடித்துவிடும்.

கேள்வி: கோட்டிங் அடித்து எல்லாம் பூட்டிவிட்டேன். ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, ஹாரன் விட்டுவிட்டு அடிக்கிறது. பேட்டரி புதிது.

பதில்: பெரும்பாலும் எர்த் (மின்சாரம் ஃபிரேம் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) கிடைக்கவில்லை. பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை ஹெட்லைட்டின் எர்த் ஒயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை மட்டும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, கிரீஸ் தடவி முறுக்குங்கள்.

ஃபிரேமை இனிமேல் அனுப்பப்போகிறவர்கள் எர்த் இடம், மரைகள், ஸ்டியரிங் பேரிங் உட்காரும் இடம் மூன்றையும் மறைத்தே அனுப்புங்கள். 0.1 மி.மீ. கோட்டிங் படிந்தாலே பேரிங் கப் உள்ளே போகாது. சேஸி எண் மீதும் தடிமனாக அடிக்க விடாதீர்கள்.