பழைய மாடிவீட்டுக்குச் சீமெந்து பூச வேண்டாம்

வன்னியில், முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கம் உள்ள அம்மம்மாவின் பழைய மாடிவீட்டில், விசாலமான மேல்தளத்தைத் திருத்தி வாடகைக்குக் கொடுக்க நினைப்பதாக எழுதியிருந்தீர்கள். சுண்ணாம்புச் சுவர் உதிர்வதால் சீமெந்து பூசவும், மரங்கள் அடர்ந்த நான்கு ஏக்கர் வளவை இயந்திரம் விட்டு வெளியாக்கவும் மேசன் சொல்கிறார் என்றீர்கள்.

தயவுசெய்து இரண்டையும் நிறுத்துங்கள்.

நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சீமெந்து உள்ளே அடைத்துவிடும். பிறகு உப்புப் பூத்து, பூச்சோடு செங்கல்லும் பொரிந்து விழும். முதலில் கூரை ஒழுக்கையும் பீலியையும் சரிசெய்யுங்கள். மாரி முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்புச் சாந்தையே பூசுங்கள். வன்னி வெயிலில் அது வேகமாக உலர்ந்தால் வெடிக்கும். ஈரச்சாக்கு தொங்கவிட்டு மெதுவாக இறுகவிட வேண்டும். அவசரப்படும் மேசன் இந்த வீட்டுக்கு வேண்டாம்.

வளவைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. 2009 வரை போர் நடந்த மண் அது. கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியா என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் உறுதிசெய்யும்வரை பற்றைக்குள் எவரையும் இறக்காதீர்கள். அதன் பின்னும் பாலை, மருது, இலுப்பை மரங்களில் கை வைக்காதீர்கள். மேல்தளத்துக்குக் குளிர்ச்சி அவற்றால்தான். சுவரில் முளைத்த ஆலங்கன்றை மட்டும் வேரோடு எடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். வளவில் எதுவரை குடியிருப்பவர் பாவிக்கலாம், கிணறு யாருக்கு என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.