பிபி நார்மல்தான், ஆனாலும் ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டிருக்குமா? சிபிடி எண்ணெய் உதவுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. சதை எல்லாம் வயிற்றில்தான். பிபி நார்மல். கொலஸ்ட்ராலுக்கு அடோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறேன். “உங்கள் ரத்தக்குழாய் இப்போதே பாதிக்கப்பட ஆரம்பித்திருக்கும், எடையைக் குறையுங்கள்” என்கிறார் டாக்டர். பிபி சரியாக இருக்கும்போது அது எப்படி? கஞ்சாவில் இருப்பது போன்ற பொருட்கள் நம் உடம்பிலேயே சுரக்கின்றன, உடல் பருமனால் அந்த அமைப்பு கெட்டுவிடுகிறது, கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் சிபிடி எண்ணெய் எடுத்தால் சரியாகும் என்கிறார் நண்பர். எடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எடுக்க வேண்டாம். உங்கள் மாத்திரையோடு அது மோதக்கூடும். எப்படி என்று பிறகு வருகிறேன்.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. பிபி கருவி அழுத்தத்தை மட்டும்தான் அளக்கிறது. குழாயின் சுவர் எப்படி வேலை செய்கிறது என்பதை அது காட்டாது. ரத்தக்குழாயின் உள்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். ரத்த ஓட்டம் வேகமெடுத்தால் அந்த உராய்வை இந்தச் செல்கள் உணர்ந்து நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவைச் சுரக்கும். சுவரில் உள்ள தசை தளரும், குழாய் விரியும். ரத்தத் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதே வாயுதான். இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

வயிற்றுக் கொழுப்பு கூடும்போது இந்த வாயுவுக்குத்தான் முதல் அடி. இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிப்பதில்லை. நைட்ரிக் ஆக்ஸைடு சுரக்கும்படி உள்படலத்தையும் தூண்டுகிறது. அதே இன்சுலின் இன்னொரு வழியில், குழாயைச் சுருக்கும் எண்டோதீலின் என்ற பொருளையும் சுரக்க வைக்கிறது. இரண்டும் சமநிலையில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்காத நிலை, வந்துவிட்டால் விரிக்கும் வழி மட்டும் மந்தமாகிறது, சுருக்கும் வழி அப்படியே இருக்கிறது. உடம்போ ஈடுகட்ட இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. விளைவு, தராசு சுருங்கும் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

அதோடு நிற்பதில்லை. பருமனில் கூடுதலாக உருவாகும் சூப்பர் ஆக்ஸைடு (செல்களைத் தாக்கும் ஒருவகை ஆக்ஸிஜன்), இருக்கிற கொஞ்ச நைட்ரிக் ஆக்ஸைடையும் பிடித்து வேறு நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அந்த நச்சு, நைட்ரிக் ஆக்ஸைடைத் தயாரிக்கும் நொதியையே பழுதாக்கும். பழுதான நொதி நைட்ரிக் ஆக்ஸைடுக்குப் பதிலாக மேலும் சூப்பர் ஆக்ஸைடையே தயாரிக்க ஆரம்பிக்கும். அப்புறம் ரத்தக்குழாயை வெளிப்பக்கம் சுற்றியிருக்கும் கொழுப்பு. ஆரோக்கியமான உடம்பில் அது அடிபோனெக்டின் போன்ற பொருட்களை அனுப்பிக் குழாயைத் தளர்த்தி வைக்கும், அதாவது நல்ல வேலைதான் செய்யும். அந்தக் கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி ஊதும்போது அவற்றுக்கு ஆக்ஸிஜன் போதாமல் போகிறது, அழற்சிச் செல்கள் குடியேறுகின்றன, அந்த நல்ல வேலையும் நின்றுபோகிறது. பிபி ஏறுவதற்கு முன்பே இதெல்லாம் நடக்கலாம்.

ஆய்வுகளில் இதை நேரடியாகவே பார்க்கிறார்கள். வெறும் வயிற்றோடு ஒருவரைப் படுக்க வைத்து, மேல்கைத் தமனியின் அகலத்தை அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். பிறகு முன்கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். கை மரத்துப்போகும். பட்டையை விட்டதும் ரத்தம் பாய்ந்து வரும். நல்ல குழாய் அடுத்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சில சதவீதம் விரிந்து கொடுக்கும். அசந்துபோன குழாய் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான் வித்தியாசம்! இந்தச் சோதனைக்காக நீங்கள் அலைய வேண்டியதில்லை. காபி குடித்திருந்தாலே முடிவு மாறக்கூடும். இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொலஸ்ட்ரால், சிறுநீரில் ஆல்புமின், இவை போதும். ஆண்களுக்கு விறைப்புக் குறைவு வந்தால் அதையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அங்குள்ள தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை என்பதால், பழுது அங்கே முன்னதாகவே தெரிந்துவிடலாம்.

சரி, நண்பர் சொன்ன விஷயத்துக்கு வருவோம். அதில் பாதி உண்மை. கஞ்சாவில் இருப்பது போன்று நம் உடம்பில் சுரக்கும் பொருட்களில் முக்கியமானவை இரண்டு: அனந்தமைடு 1992இலும், 2-ஏஜி 1995இலும் கண்டறியப்பட்டன. தேவைப்படும்போது செல் சவ்வின் கொழுப்பிலிருந்து உடம்பே இவற்றைத் தயாரித்துக்கொள்கிறது. இவை சென்று ஒட்டும் பூட்டு போன்ற செல் புரதமான சிபி1 ஏற்பி மூளையில் மட்டும் இல்லை. கல்லீரல், கொழுப்புத் திசு, ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றிலும் இருக்கிறது. பசியைத் தூண்டுவது, கொழுப்பைச் சேமிக்கச் சொல்வது இதன் வேலை. ஆய்வகத்தில் அனந்தமைடு பெரும்பாலும் ரத்தக்குழாயைத் தளர்த்தவே செய்கிறது. ‘அப்படியானால் வெளியிலிருந்து கொடுத்தால் நல்லதுதானே’ என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் வயிற்றுக் கொழுப்பு அதிகமானவர்களின் ரத்தத்தில் 2-ஏஜி குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. அமைப்பு ஓய்வில்லாமல் முடுக்கிவிடப்பட்ட நிலையில் இருக்கிறது. சிபி1 இப்படி நீண்ட காலம் தூண்டப்பட்டால் அழற்சியும் சூப்பர் ஆக்ஸைடும் கூடுகின்றன என்று விலங்கு, செல் ஆய்வுகள் காட்டுகின்றன. பருமன் உள்ளவர்களிடம் செய்த இதய ஸ்கேன் ஆய்வு ஒன்றில், ரத்தத்தில் இந்தப் பொருட்கள் அதிகம் இருந்தவர்களுக்கு இதயத் தமனிகளின் விரியும் திறன் குறைவாக இருந்தது. எது காரணம், எது விளைவு என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் பற்றாக்குறையே இல்லாத இடத்தில் மேலும் ஊற்றுவதில் அர்த்தமில்லை.

சிபி1ஐ அடைத்துவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். ரிமோனபான்ட் மாத்திரை 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது. எடை குறைந்தது, இடுப்பும் குறைந்தது. ஆனால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்ததால் 2008இல் திரும்பப் பெறப்பட்டது. மூளைக்குள் அதிகம் நுழையாத புதிய மருந்துகளைச் சோதித்து வருகிறார்கள். அவற்றில் ஒன்றான மோன்லுனபான்ட்டிலும் பதற்றம், தூக்கக் கேடு தலைகாட்டின.

சிபிடி இந்த மருந்துகளைப் போல சிபி1ஐ அடைப்பதில்லை. அது எடையைக் குறைக்கும் என்பதற்கு நம்பகமான மருத்துவ ஆதாரம் கிடையாது. ஒரே வேளையில் 600 மில்லிகிராம் எடுத்த ஆரோக்கியமான இளைஞர்களுக்கு பிபி சற்று இறங்கியது உண்மைதான். சில சொட்டு எண்ணெயில் கிடைப்பது அதில் மிகச் சிறு பங்கு. உங்கள் விஷயத்தில் ஆபத்து இது: அடோர்வாஸ்டாட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை சிபிடி தடுக்கக்கூடும். அப்போது மாத்திரை ரத்தத்தில் தங்கி, தசைவலியும் தசைச் சிதைவும் வரும் வாய்ப்பு கூடும். சிபிடியே கல்லீரல் நொதிகளை உயர்த்தவும் செய்யலாம். இந்த எண்ணெய்கள் சிலவற்றில் கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி கலந்திருக்கிறது. அது சிபி1ஐ நேரடியாகத் தூண்டி இதயத் துடிப்பை ஏற்றும்.

அப்படியானால் எது உதவும்? வயிறு பெருத்த ஆண்கள் ஓராண்டு உணவையும் உடற்பயிற்சியையும் ஒழுங்குபடுத்திய ஆய்வு ஒன்றில், சராசரியாக 6 கிலோ சொச்சம் எடையும் 8 செ.மீ. இடுப்பும் குறைந்தன, 2-ஏஜி பாதிக்கும் மேல் இறங்கியது. எந்த எண்ணெயும் இல்லாமல்! உங்களுக்கு முதல் இலக்கு 5 முதல் 9 கிலோ. அதற்காக எடை இறங்கும்வரை ரத்தக்குழாய் காத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். நடக்கும்போது வேகமெடுக்கும் ரத்தமே உள்படலத்துக்கு மருந்து; எடை அசையாத வாரங்களிலும் அது வேலை செய்கிறது. வாரம் 150 நிமிடம் வேக நடை. உட்கார்ந்தே வேலை என்றால் மணிக்கு 5 நிமிடம் எழுந்து நடங்கள். 3 மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்தாலே கால் தமனியின் விரியும் திறன் குறைகிறது, இடையிடையே நடந்தால் குறைவதில்லை.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். இரவு நாலரை மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட ஆய்வில், நான்கே இரவுகளில் 2-ஏஜியின் பகல்நேர உச்சம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அவர்கள் வயிறு நிறைந்த பிறகும் நொறுக்குத்தீனியைத் தேடினார்கள். புகைபிடிப்பவராக இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

ஆறு மாதம் உண்மையாக முயன்றும் எடை இறங்கவில்லை என்றால், செமாகுளுடைடு போன்ற எடைக் குறைப்பு மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அடோர்வாஸ்டாட்டினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நண்பர் கொடுத்த எண்ணெயை ஏற்கெனவே எடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். தசைவலியோ, சிறுநீர் கறுத்துப் போவதோ தெரிந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே போய்ப் பாருங்கள்.