பூட்டிக் கிடந்த ஓட்டலைத் திறக்கும்முன்: உங்கள் கேள்விகள் (2020 கொரோனா காலம்)

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் 18 அறை லாட்ஜ் வைத்திருக்கிறேன். கொரோனாவால் ஐந்து மாதமாகப் பூட்டியிருந்தது. எல்லா அறைக்கும் மருந்து அடித்தாயிற்று. ஆள் விடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். மொட்டைமாடித் தொட்டியைப் பார்த்தீர்களா? மதுரை வெயிலில் தொட்டியிலும் குழாயிலும் தேங்கிய தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். 20 முதல் 45 டிகிரி வரையிலான சூட்டில்தான் லீஜியனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். ஷவரிலிருந்து பறக்கும் பொடித் திவலையை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். 1976-ல் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் கூடியவர்களுக்கு வந்தபோதுதான் இப்படியொரு நோய் இருப்பதே தெரிந்தது.

தொட்டியைக் காலி செய்து, அடி வண்டலை வழித்தெடுத்து, குளோரின் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். துளைகளில் வெள்ளையாக உப்பு அடைத்திருக்கும், கிருமி ஒளிவது அதற்குள்தான். வினிகரில் ஊறவைத்துத் தேயுங்கள். தலையை மாட்டாமலே, தெறிக்காதபடி எல்லாக் குழாயையும் நிதானமாகத் திறந்துவிடுங்கள். அந்த நேரம் ஜன்னல் திறந்திருக்கட்டும், ரூம் பாய் உள்ளே நிற்க வேண்டாம். கெய்சர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஆள் வராத அறையிலும் வாரம் ஒருமுறை தண்ணீரை ஓடவிடுங்கள். 2020 ஜூன் 8-ல் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட விட்டு, 24-ல் மறுபடி ஊரடங்கு வந்த ஊர் இது. எத்தனை முறை மூடினாலும் அத்தனை முறையும் இதைச் செய்ய வேண்டும்.

பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டும் சேர்த்தால் சுத்தம் கூடுமா?

சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி, தேய்க்கிறவரின் நெஞ்சை அடைக்கும். பிளீச்சிங் தனியாகவே போதும். அப்புறம், கையில் சானிடைசர் ஈரத்தோடு மாஸ்டர் அடுப்புப் பக்கம் போகக் கூடாது, பற்றிக்கொள்ளும். அங்கே சோப்பும் தண்ணீரும்தான்.

ஏசி ஹாலைத் திறக்கலாமா?

ஜன்னல் உள்ள ஹாலை முதலில் திறங்கள். ஏசி போட்டே ஆக வேண்டுமென்றால் 24 டிகிரிக்குக் கீழே வைக்காதீர்கள், வெளிக்காற்றும் உள்ளே வரட்டும்.

அறைக்கு டிபன் அனுப்புவது எப்படி?

மூடிப்போட்ட தட்டில் அனுப்பி, வாசல் ஸ்டூலில் வைத்து மணி அடித்துவிட்டு விலகினால் போதும். நான் அதிகம் கவலைப்படுவது சால்னாவைப் பற்றித்தான். 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிற வரை பயமில்லை. ஆறிப்போய் மூன்று மாடி ஏறுவதுதான் ஆபத்து.

சப்ளையர்களை வாசலில் காய்ச்சல் பார்த்துத்தான் விடுகிறோம். போதாதா?

போதாது. மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் கருவி காட்டிக் கொடுக்காது. ஓர் ஓட்டலில் அப்படி வந்த பையனிடம் கேட்டேன். "லீவு போட்டா சம்பளம் போயிரும் சார்" என்றான். அவனும் இன்னும் ஏழு பேரும் மாடியில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். காய்ச்சல் என்று சொன்னால் சம்பளத்தோடு லீவு என்று கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஆள் வராத லாட்ஜ் அறை ஒன்றைக் காய்ச்சல் வந்தவர் தனியாகப் படுக்க ஒதுக்கிக் கொடுங்கள்.