மாமாவின் கிட்டாரில் உளி வைக்கலாமா?

நாகர்கோவிலில் கிட்டார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். எங்கள் ஊர் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். மாமா மஸ்கட்டில் வேலை பார்த்தபோது வாங்கிவந்த ஸ்குவயர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் பரணில் கிடந்தது, எனக்கே தந்துவிட்டார். 'மேட் இன் ஜப்பான்' என்று இருக்கிறது, எண் 'ஜேவி' என்று தொடங்குகிறது. சத்தம் மெலிசாக இருக்கிறது. ட்யூனும் நிற்பதில்லை. பிரிட்ஜ் (கம்பிகள் பாடியில் மாட்டியிருக்கும் இடம்) பக்கம் மரத்தைக் கொஞ்சம் குடைந்து, ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) வைத்து, கம்பியைப் பூட்டிவைக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் மாட்டினால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள் நண்பர்கள். பாடகர் குழு மாஸ்டரோ, "ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதே, ஒரிஜினலுக்குத்தான் மதிப்பு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, மரத்தைக் குடையும் பேச்சை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். மற்றதை எல்லாம் பேசலாம்.

உங்கள் கையில் இருப்பது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்குவயர் என்பது ஃபெண்டர் கம்பெனியின் இன்னொரு பிராண்ட். அந்தக் கம்பெனி 1982-இல் ஜப்பானில் கூட்டாகத் தொழில் தொடங்கியது. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் தாங்கள் செய்த மாடல்களையே அளவு பார்த்து அங்கே திரும்பச் செய்தார்கள். 1982 முதல் 84 வரை வந்த அந்த முதல் வரிசைக்குத்தான் ஜேவி எண். ஸ்குவயர் என்றால் விலை குறைந்த சாமான்தானே என்று நினைத்து அந்தக் காலத்தில் பலர் அதை இஷ்டத்துக்குக் குடைந்தார்கள், வெட்டினார்கள். வேலைப்பாடு எவ்வளவு நல்லது என்பது பிறகுதான் பேசப்பட்டது. இன்றைக்கு வெட்டுப்படாத ஜேவி கிட்டாரைத் தேடிப்பிடித்து வாங்க ஆள் இருக்கிறது. எண்ணை வைத்து மட்டும் முடிவு கட்டாமல், கழுத்து, பாடி, பிக்கப் எல்லாம் ஒரே கிட்டாருக்கு உரியவைதானா என்று விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

உங்கள் நண்பர்கள் ராக் கிட்டார் கலைஞர் வான் ஹேலன் பெயரைச் சொல்லியிருப்பார்கள். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாதிரியான பாடியில் அவரே குடைந்து கிப்சன் ஹம்பக்கரை வைத்தார் என்பது உண்மைதான். ஆனால் அவர் எடுத்தது மலிவாகக் கிடைத்த செகண்ட்ஸ் பாடி. கெட்டுப்போனால் போகட்டும் என்று வாங்கிய மரம் அது. பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் டேவிட் கில்மருடைய கறுப்பு ஸ்ட்ராட்டில் செய்யாத வேலை இல்லை. கழுத்து மாறியது, பிக்கப் மாறியது, வேறு பிரிட்ஜுக்காக மரத்தை வெட்டி, பிறகு அதை அடைத்தும் விட்டார்கள். அது 2019-இல் ஏலத்தில் 39,75,000 டாலருக்குப் போனது. அந்த விலை அவர் வாசித்த வாசிப்புக்கு வந்தது. அதே வெட்டு நம் கிட்டாரில் விழுந்தால் விலை இறங்கத்தான் செய்யும்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் மாஸ்டர் பக்கமும் நான் முழுசாக நிற்க மாட்டேன். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் அந்தக் கிட்டாரை வாசிக்க முடியாது. குளச்சல் காற்றில் அத்தனை வருடம் பரணில் கிடந்த சாமான் அது. ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வரும் கிட்டாருக்கும் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கிட்டாருக்கும் உள்ள வித்தியாசம் மேசையில் வைத்த உடனே தெரியும். கடற்கரைக் கிட்டாரில் முதலில் போவது பிரிட்ஜ்தான். ஒவ்வொரு கம்பிக்கும் கீழே இருக்கும் சேடிலில் உயரம் கூட்டிக்குறைக்க இரண்டு சின்னஞ்சிறு ஸ்க்ரூக்கள் இருக்கும். உப்புக்காற்றில் அவை துருவேறிச் சேடிலோடு ஒட்டிப்போகும். அலன் கீயைப் போட்டு பலமாகத் திருப்பினால் ஸ்க்ரூவின் குழி வழுக்கிவிடும், அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு. சேடிலைக் கழற்றித் தனியாக எடுத்து, துரு இளக்கும் எண்ணெயைப் பல்குத்தும் குச்சி முனையால் ஒரு சொட்டு வைத்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று அசைத்தால் இளகி வரும். இதைச் செய்வதால் ஒரிஜினல் எதுவும் குறைந்துவிடாது. செய்யாமல் விட்டால்தான் குறையும்.

ட்யூன் நிற்காததற்கு ஃப்ளாய்ட் ரோஸ் மருந்து இல்லை. ட்யூன் செய்யும் கீயைத் திருப்பும்போது தலைப்பக்கம் 'டிங்' என்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் நட், அதாவது தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் சின்னக் கட்டை, அதன் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது என்று அர்த்தம். பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். போதவில்லை என்றால் நட் வேலை தெரிந்தவரிடம் பள்ளத்தை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். புதுக் கம்பி போட்டு, கையால் நன்றாக இழுத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள். பின்மூடியைத் திறந்து ஸ்பிரிங் ஐந்தையும் மாட்டி, பிரிட்ஜ் பாடியோடு படியும்படி இறுக்கிவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். ஃப்ளாய்ட் ரோஸ் மாட்ட வேண்டுமென்றால் பாடியிலும் வெட்டு விழும், கழுத்தில் நட் இருக்கும் இடத்திலும் வெட்டு விழும். கழுத்தில் விழுந்த வெட்டை ஒன்றும் செய்ய முடியாது. போதாததற்கு, திருப்பலி நடுவில் ஒரு கம்பி அறுந்தால் மிதக்கும் பிரிட்ஜில் மற்ற ஐந்தும் ட்யூன் மாறிவிடும். அது மேடைக் கச்சேரியில் இன்னொரு கிட்டாரைத் தயாராக வைத்திருப்பவர்களுக்கு ஆன ஏற்பாடு.

சத்தம் மெலிசு என்கிறீர்கள். பிக்கப் எவ்வளவு தாழ்ந்து கிடக்கிறது என்று பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்திப் பிடித்தால் கம்பிக்கும் பிக்கப்புக்கும் நடுவில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. ஆசைப்பட்டு ரொம்ப ஏற்றிவிடாதீர்கள். ஸ்ட்ராட் பிக்கப்பின் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, சுருதியைக் குழப்பும். வால்யூமைத் திருப்பினால் கரகர என்றால் அந்தக் குமிழுக்குக் கீழே இருக்கும் 'பாட்' என்ற பாகத்துக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சில தடவை திருப்பிவிடுங்கள்.

இதற்குப் பிறகும் ஹம்பக்கர் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. உங்கள் கிட்டாரில் இருக்கும் ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்கப் அளவிலேயே ஹம்பக்கர் கிடைக்கிறது, குடைய வேண்டியதில்லை. அதிலும் நான் சொல்வது இதுதான்: இருக்கிற பிக்கார்டில் (பிக்கப்பும் குமிழ்களும் பொருத்தியிருக்கும் முன்பக்கத் தகடு) கை வைக்காதீர்கள். புதிதாக ஒரு பிக்கார்டு வாங்கி, புது பிக்கப், பாட், ஸ்விட்ச் எல்லாவற்றையும் அதில் கட்டிக்கொள்ளுங்கள். பழையதை அப்படியே தூக்கி எடுக்க ஜாக்குக்குப் போகும் இரண்டு வயர், பின்னால் ஸ்பிரிங் கொக்கிக்குப் போகும் எர்த் வயர், இந்த மூன்றைத்தான் கழற்ற வேண்டிவரும். மற்ற ஈயப் பற்று எல்லாம் ஜப்பானில் வைத்தபடியே இருக்கும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் அதைக்கூடப் பார்ப்பார்கள். புது பிக்கார்டை வாங்குமுன் ஸ்க்ரூ ஓட்டைகள் ஒத்துவருகின்றனவா என்று பாருங்கள். பழைய செட்டை ஒரு டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு மூடி, மேலே கிட்டாரின் எண்ணை எழுதி வையுங்கள்.

என் பட்டறைக்கு வேலை வந்தால் நான் பார்ப்பது, பழையபடி திருப்ப முடியுமா என்பதைத்தான். ஸ்க்ரூவால் நிற்பதை மாற்றிக்கொள்ளலாம். மரமும் பெயிண்டும் அப்படி இல்லை. பிறகு, மாமாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தந்துவிட்டார் என்பது வேறு, அறுக்கச் சம்மதித்தார் என்பது வேறு.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் என் மகன் வைத்திருப்பது சாதாரண விலை எலெக்ட்ரிக் கிட்டார். பிக்கப், கீ, பிரிட்ஜ் எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறான். கணக்குப் போட்டால் கிட்டார் விலைக்கு மேல் போகிறது. செய்யலாமா?
— ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: அக்கா, உங்கள் மகனுக்கு அந்த ஆசை வந்ததே எனக்குச் சந்தோஷம். பிரித்துப் படிக்க ஏற்றது அந்த மாதிரிக் கிட்டார்தான். குளச்சல் தம்பியிடம் உளியை எடுக்காதே என்று சொன்ன நான், உங்கள் மகனிடம் தாராளமாக எடு என்பேன். தொழிற்சாலையில் இன்றும் வந்துகொண்டிருக்கும் மாடலை ஒரிஜினலாக வைத்துக் காப்பாற்ற வேண்டியதில்லை.

ஆனால் அவன் சொல்லும் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. பிக்கப்பைக் கடைசியில் வைக்கட்டும். முதலில் ஒரு நல்ல செட்டப்: கழுத்து வளைவைப் பார்த்து, அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருப்பி, கம்பி உயரம் குறைத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் சுருதி சேர்த்து, ஃப்ரெட் ஓரங்கள் விரலைக் கிழித்தால் அரம் போட்டு மழுக்குவது. நட் மட்டமான பிளாஸ்டிக் என்றால் எலும்பு நட் போடலாம், அதிகச் செலவு இல்லை. இதை முடித்ததும் பாதிப் பேர் வேறு எதுவும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு உறுத்தியது சத்தம் இல்லை, கைக்கு அடங்காததுதான்.

அடுத்து ஜாக், ஸ்விட்ச், பாட். மலிவான கிட்டார் மக்கர் செய்வது பெரும்பாலும் இங்கேதான். சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே பாட் போடுவது வழக்கம். மாற்றிப் போட்டால் சத்தம் மந்தமாகவோ கூச்சலாகவோ வரும். ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கிக் கொடுங்கள். 'பாட்'டின் முதுகில் எர்த் வயர் பற்றவைக்க நல்ல சூடு வேண்டும், மெல்லிய அயர்னை வைத்து ரொம்ப நேரம் தேய்த்தால் பாட் உள்ளே வெந்துவிடும். இதைத் தானாகச் செய்து பழகினவன் பிறகு எந்தக் கடைக்காரரிடமும் ஏமாற மாட்டான்.

பணக் கணக்கில் ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். கிட்டாருக்குள் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வராது. மொத்தச் செலவு கிட்டார் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால், அந்தக் காசை எடுத்து வையுங்கள், அடுத்த கிட்டாருக்கு ஆகும்.

கேள்வி: ஆராதனையில் வாசிக்கும்போது ஆம்ப்ளிஃபயரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். கம்பியைத் தொட்டால் குறைகிறது. மைக்கில் உதடு பட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. உள்ளே செம்புத் தகடு ஒட்டினால் போய்விடுமா?
— ஒரு வாசகர், தக்கலை

பதில்: தம்பி, ஷாக் அடிப்பதைச் சரிசெய்யும்வரை அந்த இடத்தில் வாசிக்காதீர்கள். இதைச் சும்மா விடக்கூடாது. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது என்றால் கிட்டாருக்குள் எர்த் வயர் சரியாகவே இருக்கிறது. கோளாறு கட்டிடத்தின் எர்த்தில், அல்லது எர்த் முள்ளை ஒடித்துவிட்டுச் சொருகிய பிளக்கில், அல்லது ஆம்ப்பிலோ மிக்சரிலோ கசியும் மின்சாரத்தில் இருக்கலாம். கம்பி கையில், மைக் வாயில் என்று இரண்டுக்கும் நடுவில் உங்கள் உடம்பு நிற்கிறது. ஷாக் போகட்டும் என்று கிட்டாருக்குள் எர்த் வயரைக் கழற்றிவிடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் போடச் சொல்லுங்கள். ஆம்ப்பையும் மிக்சரையும் ஒரே லைனிலிருந்து எடுங்கள்.

அதெல்லாம் முடிந்தபிறகு செம்புத் தகடு ஒட்டினால் இரைச்சல் ஓரளவு அடங்கும். சிங்கிள் காயில் என்றால் முழுதாகப் போகாது.

கேள்வி: கீ ஆறும் துருப்பிடித்துவிட்டன. மாற்றினால் கிட்டாரின் மதிப்புப் போய்விடுமா? கூடவே பாடிக்கும் புது பெயிண்ட் அடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.
— ஒரு வாசகர், முட்டம்

பதில்: கீயைத் தாராளமாக மாற்றுங்கள். திரும்பாத கீயை வைத்துக்கொண்டு யாருக்கும் பிரயோசனம் இல்லை. பழைய ஓட்டைக்கும் பழைய ஸ்க்ரூ அடையாளத்துக்கும் அப்படியே பொருந்தும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், பழையவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள். வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் கம்பியையும் பிரிட்ஜையும் துடைத்துவிட்டுக் கவருக்குள் வையுங்கள், கடற்கரை ஊரில் இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

பெயிண்ட் வேண்டாம். பழைய கிட்டாரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடித்தால் விலை ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பது வாங்கி விற்பவர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு. உங்களுடையது சாதாரணக் கிட்டார் என்றாலும், உப்பும் ஈரமும் உள்ள ஊரில் வீட்டில் வைத்து அடிக்கும் பெயிண்ட் அநேகமாகக் கொப்பளித்துத்தான் வரும். கீறல் கண்ணை உறுத்தினால் கார் பாலிஷ் கொஞ்சம் எடுத்து மெல்லிய துணியில் தேய்த்துப் பாருங்கள்.